ஜீப் ஏறாத நாள்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல ஒரு கணக்கு உண்டு. வேலைக்குப் போகிற வரைக்கும் அது நோய் இல்லை. காய்ச்சல் அடித்தாலும் இடுப்பு விட்டுப்போனாலும், விடியுமுன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கிற எஸ்டேட் ஜீப்பில் ஏறிவிட்டால் அந்த ஆள் நல்ல ஆள்தான். ஏறாமல் வீட்டில் படுத்துவிட்டால் அன்றைக்குத்தான் நோய்க்கு முதல் நாள். டாக்டர் கேட்டாலும் சம்பந்தி கேட்டாலும் அங்கிருந்துதான் எண்ணிச் சொல்வார்கள். பொய் சொல்கிற எண்ணம் யாருக்கும் கிடையாது. அந்த நாளுக்கு முன்னால் பட்டதெல்லாம் அவர்கள் கணக்கில் வெறும் அலுப்பு.

என் தங்கைக்கு வந்த தலைவலியும் முதலில் அலுப்பாகத்தான் இருந்தது.

நான் போடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒற்றை ஆள். கட்டினவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எனக்கு உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான். சிலமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார், இவள் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் ஏற்ற முடிந்த மட்டும் ஏற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து போய் வருவார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும், தோட்டத்தில் அட்டை, வழியில் ஆண்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் செம்பைக் கவிழ்ப்பார்கள். மலைவேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் எனக்கு வலது அக்குள் பக்கம் ஒரு கட்டி வந்து, அறுத்து எடுத்தார்கள். எடுத்த சதையை மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பி, ஒன்றும் பயமில்லை என்று ரிப்போர்ட் வரும்வரை கடை பூட்டித்தான் கிடந்தது. அப்போது என் தங்கை மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு என்னோடு வந்து இருந்தாள். ரிப்போர்ட் வந்த அன்று அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு விளக்குப் போட்டாள். எனக்கு இந்த மாதிரி காரியங்களில் பொறுமை போதாது. பசிக்குது, முதலில் உலையை வை என்று சொன்னது நினைவிருக்கிறது.

சித்திரையில் தீச்சட்டி எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோதும் சிரித்தேன்.

"அம்மனே வெக்க தாங்காம உக்காந்துருக்கா. நீ வேற நெருப்பச் சொமந்துக்கிட்டுப் போறியாக்கும்?"

"பேசாம இருக்கா. சாமி குத்தமாயிரும்."

"யாருக்குடி வேண்டுன?"

"சொன்னாப் பலிக்காது."

அவள் பிள்ளை பத்தாவது பரீட்சை எழுதியிருந்தது. அதற்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தீச்சட்டி எடுப்பது லேசான வேலை இல்லை. காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிய பிறகு ஒரு வேளைச் சோறு, சுத்தபத்தம், ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. அந்த நாட்களில் தூரம் வந்துவிடக் கூடாது என்று பெண்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நாள் தள்ளிப்போட்டுக்கொள்வார்கள். எங்கள் தெருவில் இதைச் செய்யாத வீடு கிடையாது. கடைக்காரரும் ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். மாத்திரை என்றால் சுகருக்கும் பிரஷருக்கும் போடுவது. இதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தலைவலி எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. போனில் பேசும்போது ஒரு நாள், தோட்டத்தில் ஸ்ப்ரே அடிச்சாக, அந்த வாடை தலையில ஏறிருச்சு என்றாள். இன்னொரு நாள், ஜீப்பில் பின்பக்கம் உட்கார்ந்து வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவளோடு வேலை செய்யும் பெண்கள் தலையில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். மலைக்குப் போகிறவர்களின் தலைவலிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை, கைவசம் நாலைந்து இருக்கும். தினமும் சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். விடிந்ததும் அதைக் கழுவிவிட்டு ஜீப் ஏறியிருக்கிறாள்.

பிறகு ஒரு நாள் ஏறவில்லை. குனிந்து கோலம் போடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். மறுநாளும் ஏறவில்லை. அதற்கும் மறுநாள் வாந்தி எடுத்துக் குழாயடியில் விழுந்துவிட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"மதினி, வெரசா வாங்க. தேனிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வாடிக்கையாளர் ஒருத்தியின் ரவிக்கை மிஷினில் பாதி தைத்தபடி கிடந்தது. அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அவளை ஒரு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். கையை நெற்றியின் மேல் வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. டாக்டர் ஒரு சின்னப் பெண். என் தங்கையைவிட வயதில் இளையவளாகத்தான் இருப்பாள்.

"எத்தனை நாளா வலி?"

"மூணு நாளாச்சும்மா" என்றார் மாப்பிள்ளை. தங்கையும் தலையை ஆட்டினாள்.

"மாத்திரை எதுவும் சாப்பிடுறாங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. சுகரு, பிரஷரு எதுவும் கெடையாது."

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று நான் கேட்டேன். உள்ளே எங்காவது ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறதா என்று ஒரு சந்தேகம், அதைப் பார்க்கத்தான் என்று டாக்டர் சொன்னாள். தலைக்குள்ளே ரத்தம் கட்டுமா என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். அடிபட்டால் கட்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வாய் விட்டுப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு, எதுவும் இருக்காதுல்ல மதினி, எதுவும் இருக்காதுல்ல என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் பயத்தைப் பார்த்து என் பயம் கூடுகிறதே என்கிற எரிச்சல் அது.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரிப்போர்ட் வந்தது. இருக்க வேண்டிய அளவுக்குள்தான் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ரத்தம் சுத்தமாருக்கு மதினி. கெளம்பிருவோம். இருட்டுறதுக்குள்ள எல்லைக்குள்ள போயிறணும், காப்புக் கட்டியிருக்கால்ல."

தங்கையும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள், ஆனாலும் சேலையைச் சரிசெய்துகொண்டு செருப்பைக் காலால் துழாவினாள். மாப்பிள்ளை ஆட்டோ கூப்பிட ஓடினார். நானும் அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். காப்பு, எல்லை எல்லாம் எனக்குப் பெரிதில்லை. அந்தத் தாளை நம்புவதற்கு எனக்கும் ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். ஒன்றுமில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி கேட்க யாருக்கு மனசு வரும்?

டாக்டர் பெண் மருந்து எழுதிக் கொடுக்க வந்தாள். எழுதிக்கொண்டே நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தவள் பேனாவை மூடினாள். கிட்டே வந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். குங்குமத்துக்கு இரண்டு பக்கமும் தோல் கறுத்து, காய்ந்து, செதிள் செதிளாக உரிந்திருந்தது.

"நெத்தியில என்னக்கா?"

"சுக்குப் பத்துத்தான்மா. எழச்சுப் போட்டேன்."

"மூணு நாள் பத்துப் போட்டா இப்படித் தோல் உரியாதே."

தங்கை முடியை மறுபடி நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து நின்றார். டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதுவரைக்கும் பேசிய பேச்சை விட்டுவிட்டு வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்து ராசிங்காபுரத்துப் பிள்ளை என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஜீப்பு ஏறாம எத்தன நாளுக்கா?"

"மூணு நாளு."

"சரி. வலியோட ஜீப்பு ஏறுனது எத்தன நாளு?"

தங்கை முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, விரல் பற்றாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

"பங்குனிப் பொங்கல் அப்பவே இருந்துச்சும்மா" என்றாள்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். பங்குனிப் பொங்கலுக்கு இவள் மாவிளக்கு இடித்ததையும், எல்லாருக்கும் ஆக்கிப்போட்டதையும் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் அவரை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். அவர் போனதும் காப்பைத் தொட்டுக் காட்டி, குரலைத் தணித்துக் கேட்டாள். "இதுக்காக நாள் தள்ளிப்போட மாத்திரை போடுறீகளா?"

"அது சாமி காரியத்துக்குப் போடுறது. அதச் சொல்லலாமாம்மா?"

"எப்பருந்து?"

"இந்தத் தடவ நாளு முன்னப்பின்ன வந்துச்சு. அதனால ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன்."

அதற்குப் பிறகு டாக்டர் ஒரு சின்ன விளக்கை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தன் கண்ணை ஒட்டவைத்தாற்போல் உள்ளே பார்த்தாள். இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது, தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "ரத்தம் சுத்தமாருக்குன்னு நீங்கதானம்மா தாள் குடுத்தீக?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உக்காருங்கக்கா. ரத்தம் உள்ள எங்கயாச்சும் கட்டிக்கிச்சுன்னா உடம்பே அதக் கரைக்கப் பாக்கும். கரையுறப்ப உதிர்ற துணுக்கு ரத்தத்துல மெதக்கும். அது எம்புட்டு மெதக்குதுன்னு பாக்குற டெஸ்டுதான் இது. கால்லயோ நெஞ்சுலயோ கட்டியிருந்தா பெரும்பாலும் காட்டிக் குடுத்துரும். தலைக்குள்ள, வயித்துக்குள்ள, இப்படி வழக்கமில்லாத எடத்துல கட்டுனா அத மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. கூடுதலாக் காட்டுனா சந்தேகம் பலப்படும். கம்மியாக் காட்டுனா, வலி எப்ப ஆரம்பிச்சதுன்னு பாக்கணும். நாளாயிருச்சுன்னா கட்டி இருக்கும்போதே கம்மியாக் காட்டும். மூணு நாளுன்னு நீங்க சொன்னதாலதான் நானும் அந்தத் தாள நம்பப் பாத்தேன்."

ஆட்டோ டிரைவர் வாசலிலிருந்து ஹாரன் அடித்தார். நான் போய் அவரை அனுப்பிவிட்டு வந்தேன். தோளில் மாட்டியிருந்த பையை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ரத்தக்குழாயைத் தனியாகக் காட்டுகிற வேறு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். தோடு, மெட்டி, தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எல்லாம் கழற்றிக் கொடுத்தவள் காப்பை மட்டும் இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். அழுதாள். நூல்தானே, இருக்கட்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உள்ளே போனாள். அவள் தாலியை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். எந்தச் சாமியையும் கூப்பிடத் தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தலையின் பின்பக்கம் ரத்தம் இறங்கிவரும் பெரிய குழாயில் ரத்தக்கட்டி இருந்தது. அது மேலும் உறையாமல் இருக்க ஊசி போட ஆரம்பித்தார்கள். முதல் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. இடது கை முதலில் துடித்தது, பிறகு உடம்பு முழுக்க. நர்ஸுகள் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். மாப்பிள்ளை சுவரில் முகத்தை வைத்துக்கொண்டார். கிளம்பியிருந்தால் அந்நேரம் சிலமலையில், ஒரு டாக்டரும் பக்கத்தில் இல்லாமல் இருந்திருப்போம்.

பிழைத்துக்கொண்டாள். ஒரே காரணம் என்று எதையும் டாக்டர் சொல்லவில்லை. மாத்திரை, விரதம், தண்ணீர் குடிக்காத பழக்கம், உடம்பில் ரத்தக் குறைவு, எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டது என்றாள். பிறவியிலேயே ரத்தம் உறையும் குணம் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் சில ரத்தப் பரிசோதனைகளைப் பிற்பாடு செய்தார்கள். அதில் எதுவும் இல்லை. தீச்சட்டி எடுக்கவில்லை. திருவிழா அன்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிழக்குப் பார்த்துக் கும்பிட்டபடி படுத்திருந்தாள். பார்வை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இடது பக்கமாக எது வந்தாலும் அவளுக்குத் தெரியாது. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வாள், தட்டில் இடது பக்கத்துச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். மலைச்சரிவில் அந்தக் கண்ணோடு கால் வைக்க முடியாது. இப்போது பகலில் என் கடைக்கு வந்து கொக்கி தைக்கிறாள்.

அவளோடு ஜீப்பில் போன பெண்கள் ரவிக்கை தைக்கக் கொடுக்க வருவார்கள். பாவம், மூணு நாள் தலைவலி, அதுக்குக் கண்ணே போச்சே என்று உச்சுக் கொட்டுவார்கள். முதலில் நான் சண்டைக்குப் போனேன். மூணு நாளில்லை, மாசக்கணக்கு, உங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்து வந்தாள் என்று கத்துவேன். அவர்கள் என்னைப் பைத்தியம் போலப் பார்ப்பார்கள். அவள் ஜீப்பில் வந்த நாட்களில் நன்றாகத்தானே இருந்தாள் என்பார்கள். இப்போது கத்துவதில்லை. அளவு எடுத்துக்கொண்டே, உனக்கு எங்கயாச்சும் வலிக்குதா, எப்பருந்து என்று மட்டும் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருத்தி உட்கார்ந்து அழுதாள்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தங்கை இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் லேபுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். ஊசியை எடுத்ததும் மற்றவர்களுக்குப் பஞ்சை வைத்து மடக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவளுக்கு ரத்தம் சட்டென்று நிற்காது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

போன தடவை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இந்தச் சித்திரைக்குத் தீச்சட்டி எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னாள். விரதம் இல்லாமல், நாள் தள்ளும் மாத்திரை இல்லாமல், நாள் ஒத்து வந்தால் மட்டும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் விட மாட்டியாடி? அப்படி யாருக்குத்தான் வேண்டுன?"

"வருசம் கழிச்சும் திரும்ப வரல. பலிச்சிருச்சு, இனிச் சொல்லலாம்" என்றாள் அவள். இடது பக்கமாக முகத்தைத் திருப்பி, என்னை முழுதாகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உனக்குத்தான்க்கா. ஒன் கட்டிக்கு."

"நான் கடையப் பூட்டுன அன்னைக்கு வேண்டுனியா?" என்று கேட்டேன். கட்டி வந்தது எப்போது என்று யார் கேட்டாலும் அந்த நாளைத்தான் நான் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் பட்டதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அதுக்கு ரொம்ப முன்னாடி. ஒன்னால சோத்தாங்கையத் தூக்க முடியல. பீச்சாங்கையால தல சீவிக்கிட்டு நின்னேல்ல, அன்னைக்கே வேண்டிட்டேன்."

லேபில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்கப் பார்க்க நான் அழுதேன். அவள் கையைப் பிடித்திருந்ததால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

"விடுக்கா, போதும்" என்றாள் தங்கை. "அப்பவே நின்னுருச்சு."

நான் பஞ்சை எடுக்கவில்லை.